ஒன்பதாவது வளைவில் நின்ற பஸ்

டெலஸ்கோப்காரருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மலை உச்சியில், கம்பித் தடுப்பை ஒட்டி முக்காலியில் நிற்கும் குழாயை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் அருவி காட்டுகிறவர். "இடது பக்கம் அணை, வலது பக்கம் அருவி, இருநூத்தி நாப்பது படி" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். இன்று அவர் வாயில் அணை வலது பக்கம் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாம் பத்தரை மணி பஸ்ஸால் வந்த வினை. மூன்று மாதத்துக்கு முன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மனைவி, நேற்றுதான் போனில் பேசினாள். "பத்தரை பஸ்ல வந்தாலும் வருவேன். மனசு மாறினா பாதியில இறங்கித் திரும்பிடுவேன். எதிர்பார்க்காதீங்க." அப்படிச் சொன்னால் மனிதன் எதிர்பார்க்காமல் என்ன செய்வான்?

சண்டையும் அப்படியொன்றும் பெரிய சண்டை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, ஒரே ஒரு தடவை அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்க என்ன இருக்கு, தண்ணி விழுது" என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பஸ் ஏழாவது வளைவில் ஏறும் நேரம் பார்த்து, ஒரு அம்மாள் வந்து குழாயில் கண்ணை வைத்துக்கொண்டார். காலையில் அருவிக்குப் போய்விட்டு நடந்தே மேலே ஏறி வந்தவர். முழங்கால்வரை இன்னும் ஈரம். தான் உட்கார்ந்த பாறையை இங்கிருந்து பார்க்க வேண்டுமாம்.

"அம்மா, கொஞ்சம் கீழ பாருங்க. நீல பஸ் தெரியுதா?"

"அருவி போர்டுகிட்ட நிக்குது. மஞ்சள் குடையோட ஒருத்தங்க இறங்குறாங்க."

ஒன்பதாவது வளைவு. மஞ்சள் குடை அவளுடையதுதான். கீழே போகிற பஸ்ஸும் அங்கேதான் நிற்கும்.

"நகருங்கம்மா, நான் பார்க்கிறேன். அது என் சம்சாரம்."

"அப்படியா! இருங்க, இருங்க." அந்த அம்மாளுக்குப் பாறை மறந்தே போய்விட்டது. "கீழ போற பஸ் வந்துருச்சு. மறைக்குது."

"ஏறிட்டாளா?"

"பஸ் போயிருச்சு. குடையைக் காணோம்."

டெலஸ்கோப்காரர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை கூட்டிப்போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அங்கும் இங்குமாக நடந்தார். குழாயைத் துடைக்கிற துணியால் கம்பியைத் துடைத்தார். அப்புறம் அதே கம்பியை மறுபடியும் துடைத்தார்.

"அண்ணே! குடை அருவிப் படியில இறங்குது!"

அவள் படி இறங்கி முடித்த அந்தக் கால் மணி நேரத்தில் அவர் உயிர் போய்ப் போய் வந்தது.

"பாறைமேல உட்கார்ந்துட்டாங்க. பையைப் பக்கத்துல வச்சிருக்காங்க. யாரோ உட்கார வந்தாங்க, விடலை. இடம் பிடிச்சு வச்சிருக்காங்கண்ணே."

டெலஸ்கோப்காரர் துடைக்கும் துணியை அந்த அம்மாள் கையில் திணித்துவிட்டு ஓடினார். பத்தடி போனவர் நின்றார். தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"ஏம்மா, காலைல நீங்க போனீங்களே... அருவிக்கு எந்தப் பக்கமா இறங்கணும்?"