தண்ணிக்குக் கழித்த கிலோ

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவர் கேட்பது நியாயம்தான். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்து மட்டும்தான். டயரைப் பற்றி ஒருவன் உட்கார்ந்து எழுத வேண்டுமா என்றும் தோன்றுகிறது. ஆனால் எங்கள் மலை ரோட்டில் பாரம் ஏற்றி இறங்குகிறவர்கள் நிறையப் பேர். டயர் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது எனக்கு நன்றாகவே தெரியும். அதில் மட்டும் கூச்சமில்லை.

என்னிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து கீழே உள்ள ஃபெக்டரிக்குப் பச்சைக் கொழுந்து ஏற்றுகிறோம். கொழுந்தைச் சாக்கில் கட்டி, சுற்றிலும் கம்பிவலை அடித்த பெட்டியில் அடுக்கி இறக்க வேண்டும். காலை லோடும் பகல் லோடும் நான் ஓட்டுவேன். பின்னேர லோடு என் மச்சினன் ஓட்டுவான். என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கத்தில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். ஆகவே மழை லோடெல்லாம் அவன் பங்கு.

அந்த ரோட்டில் ஒரு இடத்தில் மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை நாங்கள் பீலி என்போம். பீலிக்குப் பக்கத்தில் ரோடு ஒரேயடியாகத் திரும்பிக் கீழே இறங்கும். ஒரு பக்கம் மண் மேடு. மறு பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயக் காம்பராக்கள். போன மழைக் காலத்தில் அந்த வளைவில்தான் லொறியின் பின்பக்க உள் டயர் வெடித்தது. மச்சினன் ஓட்டிக்கொண்டிருந்தான். லொறி மேட்டுப் பக்கம் சாய்ந்து, ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்து நின்றது. மறு பக்கம் சாய்ந்திருந்தால் அவனும் இல்லை, கீழே இருந்தவர்களில் எத்தனை பேர் என்று சொல்லவும் முடியாது.

நான் ஓடிப் போனபோது அவன் பீலியடியில் குந்தியிருந்தான். முகம் கழுவினானா, அழுதானா என்று தெரியவில்லை. எழுந்து வந்து சாவியை என் கையில் வைத்தான்.

"மச்சான், இனிமே பின்னேர லோடு நான் எடுக்கலைங்க. கோவிச்சுக்காதீங்க."

அது இரண்டாவது வெடி. அதற்கு முன்பும் ஒரு டயர் அவன் கையில் வெடித்திருந்தது. நான் ஓட்டும்போது ஒன்றும் ஆனதில்லை. தோட்டத்தில் பேச்சுக் கிளம்ப இது போதாதா? "அக்கா புருசன் காலையில ஓட்டுனா ஒண்ணுமில்ல, தம்பி பின்னேரம் ஓட்டுனா மட்டும் வெடிக்குது" என்றார்கள். அவனுக்குப் 'பட்டாசு' என்று பேரும் வைத்துவிட்டார்கள். அவன் தேத்தண்ணிக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

அவன் வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் அவன் கையில் மட்டும் வெடிக்கிறது என்று எனக்கும் விளங்கவில்லை. பின் டயர் நாலையும் மாற்றுகிறேன், அதற்குப் பிறகு யோசித்துச் சொல் என்றேன். சரி, பார்ப்போம் என்றான். லொறி நிற்கிற நாட்களில் கொழுந்தைத் தோட்டத்து டிராக்டர் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, வெடித்ததற்குப் பதில் ஸ்பெயார் டயரை மாட்டி, இரண்டு பேரும் ஹட்டன் டவுனுக்கு லொறியை மெதுவாக ஓட்டிப் போனோம்.

டயர்க்கடை முதலாளி வாய் ஓயாதவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க. ஓ, பட்டாசும் கூட வந்திருக்காரா?"

மச்சினன் அடுக்கியிருந்த டயர்களைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டான்.

"பன்னெண்டு பிளை போடுங்க. எல்லாரும் அதத்தான் போடுறாங்க" என்றார் முதலாளி.

பிளை என்பது ஒரு காலத்தில் டயருக்குள் எத்தனை நூல் அடுக்கு என்ற கணக்கு. இப்போது உள்ளே அத்தனை அடுக்கு இருக்க வேண்டும் என்றில்லை. பலத்துக்கு ஒரு பேர், அவ்வளவுதான். பிளையை மட்டும் கேட்டு டயர் வாங்குவது, ஆளின் உயரத்தைக் கேட்டுச் சட்டை தைப்பது போல. நான் கீழே குந்தி டயரின் பக்கவாட்டைத் தடவிப் படித்தேன். டயரின் அளவு போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். அந்த டயரில் 116/114 என்று இருந்தது. அது கிலோ இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எடை உண்டு, அதற்கென்று உள்ள அட்டவணையில் பார்க்க வேண்டும். முதல் எண் டயர் தனியாக ஓடும்போது தாங்கும் எடை. இரண்டாவது எண் ஜோடியாக ஓடும்போது தாங்குவது. பின்பக்கத்துக்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள்.

"ஜோடி சேந்தா ஏன் கொறையுது?" என்று மச்சினன் கேட்டான்.

குண்டும் குழியுமான ரோட்டில் இரண்டும் எப்போதும் சமமாகச் சுமக்காது, சில நேரம் ஒன்றின் தலையிலேயே எல்லாம் விழும், உள் டயருக்குக் காற்றோட்டமும் குறைவு, சூடாகும் என்று சொன்னேன்.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி. "ஜோடி சேந்தா டயருக்கே பலம் கொறையுது. நம்மளெல்லாம் எம்மாத்திரம்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். 114 என்றால் ஒரு டயருக்கு ஆயிரத்து நூற்று எண்பது கிலோ. நாலுக்கும் சேர்த்து நாலாயிரத்து எழுநூற்று இருபது. என் லொறியின் பின் சக்கரங்களை மட்டும் ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். வெறும் லொறிக்கு ஆயிரத்து அறுநூறு. முழு லோடு மூன்று டன். பாரமெல்லாம் பின்னுக்கே வருகிறது என்று வைத்தாலும் நாலாயிரத்து அறுநூறு. போதும். இதையே போடுங்கள் என்றேன். வேலையாள் அன்றைக்கு வேறு வேலையில் இருந்ததால் லொறியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி.

பஸ்ஸில் வரும்போது மச்சினன் கேட்டான்.

"மச்சான், பழசும் பன்னெண்டு பிளைதானே? இதே நம்பர்தானே? அப்ப அது ஏன் வெடிச்சிச்சு?"

"பழசாப் போச்சு மாப்ள."

"முத தடவ வெடிச்சது புதுசுங்க" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று பின்னேரமும் மழை. என் மனைவி மலையிலிருந்து நனைந்து வந்தாள். அவள் அந்த மேல் டிவிஷனில்தான் கொழுந்து பறிக்கிறாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் தொங்கவிட்டுக்கொண்டே வழக்கமான பாட்டைத் தொடங்கினாள்.

"இன்னைக்கும் கழிச்சுட்டாங்க. சாக்குக்குன்னு கொஞ்சம், தண்ணிக்குன்னு கொஞ்சம். மழைய நானா வரச் சொன்னேன்?"

கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் இது வழக்கம். ஈரக் கொழுந்து பாரம் காட்டும் என்பதால், நிறுத்த எடையில் தண்ணிக்கென்று குறைத்துவிட்டுத்தான் கணக்கில் பேர் போடுவார்கள். அவள் தினமும் இதைச் சொல்வாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்பது போல நாங்களும் தினமும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். டயர்க் கணக்கை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

"மூணு டன்னுன்னு யாரு சொன்னா?" என்றாள்.

"ஃபெக்டரியில போடுற எடைதான். அந்தக் கணக்குலதான நமக்குக் கூலி."

"கழிக்கிறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தித்தான்."

"அப்ப கழிச்ச கிலோ எல்லாம் ஃபெக்டரிக்கு நடந்தா வந்துச்சு?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். மச்சினன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். வெடித்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

லோடு என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தோம். கூலி எந்தக் கிலோவுக்கோ, அதுதான் லோடு. டயருக்கு அந்தக் கழிவு தெரியாது. இலையில் ஒட்டிய தண்ணீர், ஊறிய சாக்கு, எல்லாவற்றையும் அது சுமந்தாக வேண்டும். காலையில் கழிவு கொஞ்சம்தான். மழை பெய்யும் பின்னேரத்தில்தான் அதிகம். காலை லோடு என்னுடையது.

"அப்ப நான் ஓட்டுனது மூணு டன்னு இல்ல" என்றான் மச்சினன்.

"இல்ல மாப்ள."

"என் ஓட்டமும் இல்ல."

"உன் ஓட்டமே இல்ல."

அவன் அக்காவைப் பார்த்து, "இத நீ முந்தியே சொல்லக் கூடாதா?" என்றான்.

"வருசக் கணக்கா தெனமும் கத்துறேன்டா. ரெண்டு பேரும் ரேடியோ கேக்குற மாதிரி கேட்டீங்க."

வாயால் சொன்னதை மட்டும் வைத்து டயர் வாங்க முடியாது. மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. நானும் மச்சினனும் மடுவத்துக்குப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்று, கழிப்பதற்கு முன் முள் எங்கே நிற்கிறது என்று மூட்டை மூட்டையாகப் பார்த்தோம். மழைக் கொழுந்தில் எட்டில் ஒரு பங்கு கழிவாகப் போகிறது. அப்படியானால் மூன்று டன் என்று பேர் போடும் லோடு உண்மையில் மூன்று டன்னும் நானூறு கிலோவுக்கு மேலும். வெறும் லொறியின் ஆயிரத்து அறுநூறையும் சேர்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. டயர் நாலும் சேர்ந்து தாங்கக்கூடியது நாலாயிரத்து எழுநூற்று இருபது. பீலி வளைவில் என்ன நடந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கிருந்தே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். வழியெல்லாம் முதலாளியிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொன்னதை மாற்றிச் சொல்வது எனக்குப் பெரிய பாடு. போய்ப் பார்த்தால் இரண்டு டயரை ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள்.

"கழட்டிருங்க முதலாளி" என்றேன். "பதினாலு பிளையில, ரெண்டாவது நம்பர் நூத்திப் பதினெட்டு போட்டது நாலு வேணும். நாலும் ஒரே மாதிரி இருக்கணும்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, வீட்டுல கேட்டுட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

அவர் வேலையாளைக் கூப்பிட்டு அந்த டயர் நாலையும் இறக்கச் சொன்னார். 118 என்றால் ஒரு டயருக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது கிலோ. நாலுக்கும் ஐயாயிரத்து இருநூற்று எண்பது. மழைத் தண்ணீரும் அடங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

"பதினாறு பிளை போட்டா இன்னும் பத்து மூட்டை சேத்து ஏத்தலாமே?" என்றார்.

"டயர் தாங்கும். ரிம்மும் அச்சும் பிரேக்கும் தாங்காது. லொறிக்குன்னு ஒரு அளவு இருக்குங்க. அதுக்கு மேல ஏத்துறதுக்கு நான் டயர் வாங்க வரல."

காற்றையும் நான் பக்கத்தில் நின்றே அடிக்கச் செய்தேன். டயரில் போட்ட எண் சரியான காற்று இருந்தால்தான் செல்லும். டயர் ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும். உள் டயரில் காற்று குறைந்தால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளி டயர் நிமிர்ந்து நின்று அதை மறைத்துவிடும். ஆகவே உள் டயரைத் தினமும் அளந்தாக வேண்டும் என்று மச்சினனிடம் சொன்னேன். சொல்வதற்கு முன்பே அவன் கையை உள்ளே விட்டு, காற்று அடைக்கும் வால்வு எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வெடிப்புக்குக் காரணம் என்ன என்று முதலாளிக்கும் சொன்னேன். அவர் மச்சினனிடம் போய், "அப்ப நீங்க பட்டாசு இல்லையா?" என்றார்.

"பட்டாசுதாங்க முதலாளி" என்றான் அவன். "நனைஞ்ச பட்டாசு."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான். வேலை முடிந்ததும் லொறிச் சாவியை முதலாளி மேசையில் வைத்தார். நான் கையை நீட்டவில்லை. மச்சினனும் உடனே எடுக்கவில்லை. துணியால் கையைத் துடைத்தான். பிறகு எடுத்துக்கொண்டு போய் ஏறினான். நான் மறு பக்கக் கதவைத் திறந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

மறுநாள் பின்னேரம் மழை பெய்தது. மச்சினன் லோடு எடுத்தான். பீலி வளைவில் இறங்கி, இருட்டுவதற்கு முன், நான் காத்திருந்த ஃபெக்டரிக்கு வந்து சேர்ந்தான். கொழுந்தை இறக்கினோம். தண்ணிக்குக் கழித்தார்கள்.