இரண்டாவது ஆள்

தொலைபேசி ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. உள்ளே சின்னதாக ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் கரித்தூள். கடற்காற்றின் ஈரத்தில் தூள் கட்டிபட்டால் பேசுகிறவர் குரல் அமுங்கிப்போகும். மேசை விளிம்பில் தட்டினால் உதிர்ந்துவிடும். தட்டினேன். காதருகே வைத்து ஆட்டியபோது மணல்போல் ஓடியது.

"வேற ஒண்ணும் இல்லியே உள்ள?" என்றார்.

"கரிதாம்பா. நீங்களே பாருங்க."

"பாத்தா தெரியற மாதிரியா வப்பாங்க?"

மாதம் ஒருமுறை இதே கேள்வி வரும். அன்று புதன்கிழமை. மூடியை வாங்கித் திருகினேன். டயல் டோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். நான் வேலைக்குக் கிளம்பினேன். பிற்பகலில், உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இறந்துபோனார்.

அப்பாவின் பெயர் தேவதாஸ். பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்காக, இந்தோசீனப் பக்கத்து நாடொன்றில் நெடுங்காலம் நிருபராக இருந்தவர். அம்மா இறந்தபின் என்னைத் தன் அக்கா ராஜாம்பாளிடம் முதலியார்பேட்டையில் விட்டுவிட்டுத் திரும்பவும் அங்கேயே போனார். எழுபத்தாறில் அந்த நாடு அவரை வெளியேற்றியது. புதுச்சேரிக்கு வந்தபின் அதன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'அந்த ஊர்' என்பார். வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஊரை விட்டு வந்தாரே தவிர, அது அவரை விடவில்லை. சுவருக்கு முதுகு கொடுத்துத்தான் உட்காருவார். விளக்குக்கும் சன்னலுக்கும் நடுவே நிற்க மாட்டார். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்வார். சொல்வது பெரும்பாலும் சாப்பாட்டு விஷயமாகத்தான் இருக்கும். "கொழம்புல உப்பு கம்மின்னு சொல்றதுக்கு ஒரு கொடம் தண்ணி போவுது," என்பாள் அத்தை.

கடற்கரைக்குப் போன வழியில் திரும்பி வர மாட்டார். எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை ராஜாங்கம் இருக்கிறார். அவர் கடைக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதுபோல் பின்பக்கம் பார்ப்பார் அப்பா. அப்பாவை 'முசே' என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடும் ராஜாங்கம், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "முசே, ஒங்க பின்னாடி வர்றது எங்க வூட்டு ஆடு. நான்தான் வளக்கறேன்." அப்பா ஆட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஒரு நாடு நமக்கு விரோதமாவது எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன்.

"சத்தமே வராதும்மா," என்றார். "மொதல்ல முடி வெட்டறவன் பேச்ச நிறுத்துவான். அப்புறம் பக்கத்து வீட்டுப் பசங்க பந்து எடுக்க வரமாட்டாங்க. நம்ம தோட்டத்துலியே கெடக்கும். பாசி புடிச்சிரும். அப்புறம், நாம எங்க போறோம்னு யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டோம். போனா அங்க நமக்கு நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க."

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைச்சாவடியிலிருந்து தனக்கொடி வருவார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவருடைய கணவர் கலியமூர்த்தி மீனவர் வீட்டுப் பிள்ளை. அந்த ஊரில் துணிக்கடைக் காவலுக்குப் போனவர், பிறகு அப்பாவுக்குக் கார் ஓட்டினார். சந்தையில் பேசிக்கொள்வதை அப்பாவுக்குக் கொண்டு வந்ததும் அவர்தான். நிலைமை கெடத் தொடங்கியதும் மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் தங்கினார். அப்பாவை வெளியேற்றுவதற்குச் சில நாள் முன்பு அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனவர் திரும்பவில்லை. அப்படி ஒருவரே எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது.

தனக்கொடி நாற்காலியில் உட்கார மாட்டார். கதவோரம் தரையில் உட்கார்ந்து, கணவரைப் பற்றிச் செய்தி உண்டா என்று கேட்பார்.

"தாக்கல் எதுனா வந்துதா முசே?"

"இன்னும் இல்லம்மா."

"செரி." கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணுக்கு ரெண்டாவது உண்டாயிருக்கு. அவரு வந்தா சொல்லணும்."

"நீ ஏம்மா இவ்ளோ தூரம் அலையற? தெரிஞ்சா நானே ஒங்கூட்டுக்கு வந்து சொல்ல மாட்டனா?"

"ஐயோ, ஒங்களுக்கு எதுக்கு செரமம். நானே வரேன்."

கருமாதி செய்து முடித்துவிடு என்று ஊரில் பல வருடமாகச் சொல்கிறார்கள். முசே வாயால் வரட்டும் என்று தனக்கொடி நிறுத்தி வைத்திருந்தார். அவர் மனைவியா கைம்பெண்ணா என்பதை அப்பாவின் ஒரு சொல் தீர்க்க வேண்டும். அந்தச் சொல்லை அப்பா பத்து வருடமாகச் சொல்லவில்லை.

அதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தர் சொன்னால் அது பேச்சு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி. தொழிலுக்கு வந்த புதிதில், சிறையில் ஒரு பள்ளி ஆசிரியர் இறந்துவிட்டதாகக் காவலாளி ஒருவன் சொன்னதை நம்பி எழுதிவிட்டார். ஆசிரியரின் மனைவி தலையை மழித்துக்கொண்டாள். அடுத்த மாதம் அந்த மனிதர் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். "மன்னிப்பு கேக்கப் போனேன். அந்தம்மா திட்டல. தலைய தடவிக் காட்டிச்சு," என்பார் அப்பா. அதோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

மாலை ஆறு மணிக்கு அவர் ரிசீவரை எடுப்பார். எண்ணைச் சுழற்ற மாட்டார். டயல் டோனுக்குள்ளேயே அன்றைய செய்தியைப் பிரெஞ்சில் சொல்வார், மறுமுனையில் யாரோ எழுதிக்கொள்வதுபோல நிறுத்தி நிறுத்தி. கடல் எப்படி இருந்தது, மில் சங்கு ஊதியதா, சந்தைக்கு எது வரவில்லை. பெயர் வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்வார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மனிதப் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் தொலைபேசியில் அப்படித்தான் சொல்வார்களாம். வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன், அனத்தோல், தெரேஸ், ஒஸ்கார் என்று ஆட்கள் வரிசையாகக் கூடத்துக்குள் வந்து நிற்பதுபோல் இருக்கும். அத்தை அந்த நேரத்தில் கூடத்தைக் கடக்க மாட்டாள்.

நான் தொலைபேசி இலாகாவில் ஜூனியர் இன்ஜினீயர். அவர் பேச்சு எங்கும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். மறுமுனையில் ரிலேக்களும் ஒரு டோன் இயந்திரமும்தான். அதை அவரிடம் சொன்னதுண்டு. "அதுவே போதும்," என்றார்.

அவர் இறப்பதற்கு முந்திய வாரம் மழை. பூமிக்கடியில் கேபிள் நனைந்து, எங்கள் பகுதியிலிருந்து இரைச்சல் புகார்கள் வந்தன. எக்ஸ்சேஞ்சின் சோதனை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு லைனாக நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு எண்ணும் அதில் இருந்தது. நுழைந்தேன். ஆறு மணி என்பது நினைவில் இல்லை.

அப்பாவின் குரல் கேட்டது. வீட்டில் கேட்பதைவிட இளமையான குரல். எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். செலெஸ்தேன், அனத்தோல், லூயி, இர்மா, அனத்தோல், மர்ஸேல். பிரெஞ்சில் C-யில் தொடங்கும் கலியமூர்த்தியின் பெயர் என்று புரிந்தது. கடைசி எழுத்துவரை வந்தார். நிறுத்தினார். அவருக்கு என்ன ஆயிற்று என்கிற வினைச்சொல் வரவில்லை. மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை நடுவிலேயே நின்றுவிட்டார்.

"யார் அங்கே?" என்றார் பிரெஞ்சில்.

நான் லைனுக்குள் நுழைந்ததும் அவர் பக்கத்தில் டயல் டோன் நின்றிருக்கும். அதைக் கவனித்துவிட்டார்.

"அப்பா, நான்தான். ஆதி. லைன் டெஸ்ட் பண்றேன்."

அவர் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

வீடு திரும்பியபோது கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பத்து வருஷமா சொல்றேன், யாரோ கேக்கறாங்கன்னு. ஒருத்தரும் நம்பல. கடசில பாத்தா எம் பொண்ணு." அத்தையைக் கூப்பிட்டு அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். நான் பின்னால் போனேன்.

"கலியமூர்த்திய நான் பாத்தேன்," என்றார். "ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். லாரியில பொணங்கள ஏத்திக்கிட்டு இருந்தாங்க. துணி நழுவிச்சு. மொகத்தப் பாத்தேன்."

"அவருதான்னு நிச்சயமா தெரியுமாப்பா?"

"என் கண்ணு பாத்துச்சு. அது ஒரு ஆளு. இன்னொரு ஆளு வேணுமில்ல? அங்க நின்னவன கேட்டேன். லாரியே வரலங்கறான். லாரி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குது."

அந்த ஊரிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பியவர்கள் வீட்டுக்கெல்லாம் அவர் போவது எனக்குத் தெரியும். பழைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது ஆளைத் தேடித்தான் போயிருக்கிறார். எவரும் எதையும் பார்த்திருக்கவில்லை.

"இப்ப எனக்கும் தெரியுமே. நான் ரெண்டாவது ஆள் இல்லியா?" என்றேன்.

"நீ என்னக் கேட்ட. அவனப் பாக்கல." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். "இனிமே யாரும் வரப்போறதில்ல. நான் போய்ட்டா பாத்த இந்த ஒரு ஆளும் போயிரும். வியாழக்கெழம பிள்ளைச்சாவடி போறேன். வெள்ளிக்கெழம அவ இங்க வர்றதுக்கு முன்ன. இந்த மாதிரி சேதிய வாசல்ல வச்சி சொல்லக்கூடாது. அவங்க வூட்டுக்குப் போய் சொல்லணும்."

அடுத்து வந்த மாலைகளில் பிரெஞ்சு நின்றுபோயிற்று. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லிப் பார்த்தார். "தனக்கொடி, நான் சொல்றத உக்காந்து கேளு." அதற்குமேல் போகவில்லை. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உக்காரும்மா தனக்கொடி." பிறகு, "தனக்கொடி." டயல் டோன் எனக்கு அடுத்த அறைவரை கேட்டது. செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்து மாட்டி வைத்தார். பிள்ளைச்சாவடி பஸ் எங்கே நிற்கும் என்று ராஜாங்கத்திடம் கேட்டிருக்கிறார். பின்னால் பார்க்காமல் கேட்டார் என்று ராஜாங்கம் சாவுக்கு வந்தபோது சொன்னார்.

வியாழக்கிழமை தகனம். வீட்டைக் கழுவிவிட்டு எல்லோரும் போனபின் அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தான் திறந்தது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"நாளைக்கி அந்தப் பொண்ணு வருமே. என்னா சொல்லப்போற?"

"தெரியல அத்த."

"சொல்றதுன்னா சொல்லிரு. இல்லன்னா விட்டுரு. எந்தம்பி... ஒங்கப்பன மாதிரி நடுவுல நிக்காத."

வெள்ளிக்கிழமை காலை தனக்கொடி வந்தார். கேட்டுக்கு உள்ளே வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றார். கூடத்தில் அப்பாவுக்காக ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்தார். சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாரு, முதலியார்பேட்ட முசே பூட்டாருன்னு. ஒருத்தரு சொன்னத எப்பிடி நம்பறது? அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நெசந்தானா பாப்பா?"

"நெசந்தாங்க்கா."

உள்ளே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். பேரன் பிறந்திருக்கிறான் என்றார். முசேயிடம் சொல்லலாமென்று இருந்தாராம். தாக்கல் வந்ததா என்று அன்று மட்டும் கேட்கவில்லை.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பதால் பேசாமல் வாசல்படி இறங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நாளைக்கி நான் பிள்ளைச்சாவடிக்கு வரேன். அப்பா ஒரு வேல வச்சிருந்தாரு. அவரு போக முடியல."

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். திரும்ப நேரமாயிற்று.

"எங்க வூட்டுக்கா?"

"ஆமாங்க்கா. ஒங்ககிட்டதான் பேசணும்."

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் தோளுக்கு மேல் வீட்டைப் பார்த்தபடி பேசினார்.

"ஒனக்கு டூட்டி இருக்கும் பாப்பா. கொழந்த பொறந்த வூடு வேற, ஒரே எரைச்சலா கெடக்கும். நீ எதுக்கு அலையற. அடுத்த மாசம் நானே வரேன், எப்பவும் போல." கேட்டில் கை வைத்து, "நீ வராத," என்றார்.

வெளியே போய்க் கேட்டைச் சாத்தினார். எங்கள் கேட்டுக்கு வெளிப்பக்கம் தாழ் கிடையாது. கம்பிகளுக்கு நடுவே முழங்கைவரை கையை நுழைத்து, உள்பக்கத்துக் கொக்கியைத் தடவிக் கண்டுபிடித்து மாட்டினார். பிறகு கையை வெளியே எடுத்து, திறக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.