கேலி ஒழிப்புக் குழுவின் ஒரே வெற்றி

ஊரைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லாததுதான். திருப்பதியில் அப்போது தெருவுக்கு இரண்டு கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்திருந்தன. அதில் ஒன்றில் நான் பாடம் எடுத்தேன். என்னிடம் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிக்கொண்டே இருந்தார்கள். சொல்லிக்கொடுத்த நான் மட்டும் திருச்சானூரில் ஒரு வாடகை அறையில் கிடந்தேன். நாட்டில் ஆளாளுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்போது நாமும் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? நான் ஒரு குழு ஆரம்பித்தேன்.

குழு என்றால் இரண்டு பேர். நானும், என் அறைக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நண்பனும். ஹைஸ்கூல்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வது, மிரட்டுவது, பட்டப்பெயர் வைத்து அழவிடுவது, இதையெல்லாம் ஒழிப்பது எங்கள் நோக்கம். சும்மா கிடக்கும் மெஷினை ஓட்டுவது நண்பனின் கூடுதல் நோக்கம். குழுவுக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் சண்டை போட்டோம். தெலுங்கிலா, தமிழிலா, இங்கிலீஷிலா என்று முடிவாகவில்லை. கடைசியில் பெயரில்லாமலே நோட்டீஸ் அடித்தோம். பட்டப்பெயரை ஒழிக்கக் கிளம்பியவர்களுக்குச் சொந்தப் பெயர் இல்லை.

அனுமதி வாங்குவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தோம். திருப்பதியில் ஒருவன் கையில் நோட்டீஸோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், அவன் பக்திப் பேச்சுக்கு வந்தவன். வேறு மாதிரி நினைக்க அங்கே யாருக்கும் பழக்கமில்லை. முதல் பள்ளியில் ஹெட்மாஸ்டர் நோட்டீஸைப் படிக்காமலேயே கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது பள்ளியில், பிரசாதம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்கள். மூன்றாவது பள்ளிக்குப் போகும்போது நாங்களே இரண்டு லட்டு எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் யாரும் எங்களை என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை.

என் பேச்சுதான் எடுபடவில்லை. மனித மாண்பு, சகோதரத்துவம் என்று ஆரம்பித்தால் முதல் பெஞ்சே கொட்டாவி விட்டது. நண்பன் கோபித்துக்கொண்டான். "ஏதாவது கதை சொல்லுப்பா. உனக்கு நடந்ததைச் சொல்லு" என்றான்.

சொன்னேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வரதய்யபாளையம் பக்கத்தில் நான் படித்த ஹைஸ்கூலில் கொடியேற்றும் நாளில் ஆளுக்கு ஒரு கை பூந்தி கொடுப்பார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் தன் பங்கைத் தின்னாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் அவனுக்குத் தங்கச்சிகள் இருந்தார்கள். அசையாமல் நின்று தேசியகீதம் பாடும்போது பைக்குள் எறும்பு ஏறிவிட்டது. முதலில் நெளிந்தான், பிறகு ஒரு காலைத் தூக்கினான், கடைசியில் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் முன்னாலேயே குதிக்க ஆரம்பித்தான். அன்றைக்கு அவனுக்கு ஒரு பெயர் விழுந்தது.

மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குதியை அப்படியே குதித்துக் காட்டுவேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் கூரை பறக்கும். எங்கள் எல்லைப்பக்கத்து ஊர்களில் பட்டப்பெயர் ஆளோடு நிற்காது. வீட்டுக்குப் பெயராகும், பிள்ளைகளுக்கு இனிஷியல் ஆகும், தபால்காரர்கூட அதைச் சொல்லித்தான் விசாரிப்பார். இதையும் சொல்வேன். இரண்டாவது சிரிப்பு அங்கே வரும். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரோ ஒருத்தன் விளையாட்டாக வைத்த பெயர். அன்றைக்கு அவன் தோளில் கை போட்டு நின்றது நான் ஒருத்தன்தான்" என்று முடிப்பேன். ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தோளில் கை போட்டது பொய். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். அவன் அம்மா எங்கள் நிலத்தில் நடவு நட வருவாள். அந்தத் தைரியத்தில் வைத்தேன்.

இதை ஒளிக்கிறேன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பத்துப் பதினைந்து தடவை சொன்னதில், தோளில் கை போட்டவன் நான்தான் என்று நானே நம்பிவிட்டிருந்தேன். என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

திருச்சானூரிலேயே ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் அந்தக் கதையைச் சொன்ன நாள், ஒரு மூலையிலிருந்து மட்டும் சிரிப்பு ஓயவே இல்லை. இன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஜெராக்ஸ் கடைக்குப் போன் வந்தது. அந்தப் பள்ளியின் ஹெட்மாஸ்டரம்மா. தெலுங்கில் நிதானமாகத்தான் பேசினார். பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், வரதய்யபாளையம் பக்கத்துக் குடும்பம். நான் கதை சொன்னபோது பக்கத்தில் இருந்த அவளுடைய தோழி, அவள் எப்போதோ ரகசியமாகச் சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, "ஏய், இது உங்க நைனா பேருடி!" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டது. கரும்பலகையில் எழுதினார்கள். அவளைப் பார்த்தால் குதித்துக் காட்டினார்கள், நான் குதித்த மாதிரியே. இப்போது அவள் வருவதில்லை. அப்பா அவளைப் புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வேலையில் சேர்த்துவிடப் போகிறாராம். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"உங்கள் குழு வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளியில் இந்தப் பிரச்சினை இல்லை" என்றார் ஹெட்மாஸ்டரம்மா.

அவளுடைய அப்பா, பூந்தியைப் பையில் போட்ட அந்தப் பையன், இப்போது ஒரு லாட்ஜில் ரூம்பாயாக இருந்தான். வெறும் கையோடு போகக் கூடாது என்று லட்டு எடுத்துக்கொண்டு போனேன். என் அறிவு அவ்வளவுதான். யாத்திரிகர்கள் விட்டுப்போகும் லட்டைத் தினமும் கூட்டித் தள்ளுகிறவனிடம் லட்டு. வெந்நீர் பக்கெட்டோடு மாடிப்படியில் நின்றவன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான். எனக்குத்தான் அவனைத் தெரியவில்லை. தலை நரைத்திருந்தது.

"தெரியாம நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன்.

"இன்னா தெரியாம?" பக்கெட்டைக் கீழே வைத்தான். "அந்தப் பேரு வாணாம்னுதான்யா ஊரை வுட்டு வந்தேன். வயித்துப் பொழப்புன்னா, கம்பெனிக்காரனுக்குக் கூலிக்குப் போயி அங்கயே இருந்திருக்கலாம். எம்பொண்ணை யாரும் அப்டிக் கூப்புடக் கூடாதுன்னு வந்தேன். எட்டு வருசமா இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. ஊர்ல நீ வாயால வச்ச. இங்க வந்து மைக் வச்சு சொல்லிட்டுப் போயிருக்குற."

கையிலிருந்த லட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வச்சது யாருன்னு சொன்னியா?"

"இல்ல."

"தோள்ல கை போட்டேன்னு சொன்னியாமே?"

என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் எங்கேயும் நின்றதில்லை. பொண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதே என்று கெஞ்சினேன்.

"அவ வரமாட்டேன்றா. நான் இன்னா செய்யட்டும்? நீ வந்து சொல்லு. அதே எடத்துல, அதே மைக்ல. அப்பாலிக்கு அவ இஷ்டம்" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டான்.

அடுத்த வாரம் அதே பள்ளியின் முற்றத்தில் நின்றேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உருக்கமான ஒரு பேச்சு எழுதிவைத்திருந்தேன். மூன்று பக்கம். இரண்டாவது பக்கத்தின் முடிவில் நானே அழுவதாகக்கூட ஏற்பாடு. பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் லாட்ஜ் யூனிபார்மோடு அவன் நின்றான். பக்கத்தில் அந்தப் பெண், உட்காராமல், துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு. அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எழுதிக்கொண்டுபோனது ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"அந்தப் பெயரை வைத்தது நான்தான். தோளில் கை போட்டேன் என்றது பொய். அவர்கள் ஏழைகள், திருப்பி ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்துதான் வைத்தேன்" என்று தெலுங்கில் சொன்னேன்.

பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் நண்பன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் அந்தத் தோள் கதையை நம்பியிருந்தவன்தான்.

ஹெட்மாஸ்டரம்மா அந்தப் பெண்ணிடம், நாளையிலிருந்து வருகிறாயா என்று கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். தமிழில் பேசினாள்.

"வரேன் சார். ஆனா நீங்க இனிமே எந்த இஸ்கூலுக்கும் போவக் கூடாது."

"அந்தக் கதையைச் சத்தியமா இனிமே சொல்ல மாட்டேம்மா" என்றேன் அவசரமாக. அந்த நேரத்திலும் குழுவைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். "வேற ஏதாவது கதை சொல்லிக்கிறேன்."

"வேற கதையிலயும் யார்னா ஒருத்தர் இருப்பாங்க இல்ல சார்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போகமாட்டேன் என்று சொன்னேன். நம்பலாமா என்று கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நீ போ நைனா, டூட்டிக்கு லேட்டாவுது" என்று சொல்லிவிட்டு, கூட்டம் கலைவதற்கு முன்னாலேயே தன் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த மாதத்துக்கு மூன்று பள்ளிகளில் எங்களுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். ஒன்றுக்கும் போகவில்லை. குழு கலைந்தது. அவள் பரீட்சை எழுதினாள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் தங்குவதற்கு நாங்கள் செய்த உருப்படியான வேலை, கலைந்துபோனது ஒன்றுதான்.