கழுத்தில் அடுத்த வீட்டுச் செயின்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் கழுத்தில் ஒரு தங்கச் செயின் கிடக்கிறது. என்னுடையது இல்லை. திருடியதும் இல்லை. அடுத்த வீட்டுச் சரசக்கா தன் கையாலேயே மாட்டிவிட்டது.

போன மாதம் ஒரு சாயங்காலம். மழை முடிந்து, ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் தலை துவட்டாத பிள்ளைகள் மாதிரி நின்றுகொண்டிருந்தன. துணி எடுக்கப் பின்வாசலுக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சரசக்கா. பக்கத்து ஊர் லகாட்டில் பிறந்தவர், நூல் பேக்டரியில் ஷிப்ட் வேலை. என் முகத்தைப் பார்த்தார். இடது, வலது, நேர் — பப்பாளி வாங்குகிறவர் பார்ப்பதுபோல.

“என்னா தங்கச்சி, ரெண்டு பக்கமும் வீங்கிக் கெடக்கு? பொன்னுக்கு வீங்கி லா இது.”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் செயின்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போடவேண்டும். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் ஒரு லயத்து வரிசைக்கு ஒரு செயின் தேறினால் அதிகம். ஒரு வீட்டில் கன்னம் வீங்கினால் செயின் அங்கே போகும். இறங்கினதும் அடுத்த வீடு. சொந்தக்காரி தன் செயினைப் பார்க்கவேண்டுமானால் நோயாளியைப் பார்க்கப் போகவேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று — வீக்கம் இறங்கும்வரை கழற்றக்கூடாது.

ஆனால் எனக்கு வந்தது பொன்னுக்கு வீங்கி இல்லையே…

எனக்கு வந்ததற்குப் பெயர் புலிமியா. மளமளவென்று சாப்பிடுவது, பிறகு, ஐயோ உள்ளே இருக்கிறதே என்று மிரண்டு, சாப்பிட்டதை வெளியே தள்ளுவது. இப்படியும் ஒரு நோயா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அரைவயிற்றுக் கஞ்சியோடு ரப்பர்ப் பால் வெட்டப் போனவர்களின் மகள் நான். வாசிப்புக் கண்ணாடி மாட்டும் வயசு வேறு. எனக்கு இது வரலாமா? வியாதி என்ன, வம்சம் விசாரித்துவிட்டா வருகிறது?

நிறுத்தியாயிற்று. அதுதான் நல்ல சேதி. நிறுத்தினால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? உடம்பு அப்படி லேசில் சமாதானம் ஆகிற ஆள் இல்லை. சம்பந்தி வீட்டாரைப்போல் மூலையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

ஆசைப்பட்டு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், அதான் சிரப் ஊற்றின ஐஸ் துருவல், வாங்கினேன். ஒரு கரண்டிதான். பல்லில் மின்னல் வெட்டிற்று. காதில் இடி இடித்தது. மிச்சம் கரைந்து சிவப்புத் தண்ணீராகும்வரை காத்திருந்து, கடைக்காரர் பார்க்காதபோது குடித்தேன். வயிறு இன்னும் மோசம். இரண்டு இட்லி உள்ளே போனால் இருபது பேர் ஏறின பஸ் மாதிரி உறுமுகிறது, நகரமாட்டேன் என்கிறது. சாயங்காலத்தில் வீங்கின காலில் சிலிப்பர் வார் படம் வரைகிறது. இதையெல்லாம் புடவைக்குள் மறைத்துவிடலாம். கன்னத்தை எதற்குள் மறைப்பது?

எங்கள் டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அதட்டும்போதுகூட மரியாதை குறையாது. “கன்னம் வீங்கினது சாப்பாட்டாலே இல்லை. நிப்பாட்டின பிறகும் கொஞ்ச நாளைக்கு இருக்கும், பிறகு தானாய் இறங்கும். முகத்தைக் குறைக்கிறன் எண்டு திரும்பப் பழைய வேலைக்குப் போனீங்களோ, திரும்ப வீங்கும். பொறுமையா இருங்கோ.”

பொறுமை! கோலா கங்சாரில் அக்கா மகள் கல்யாணம் வந்துகொண்டிருந்தது. நான் சின்னம்மா. தட்டு ஏந்தி முன்வரிசையில் நிற்கவேண்டியவள். போட்டோ வேறு.

நம்மவர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வணக்கம் சொல்வதற்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ‘எளைச்சிட்டியே’ அல்லது ‘ஒடம்பு போட்டுட்டியே’. நடுவில் ஒன்று கிடையாது. இரண்டும் அன்புதான், சந்தேகமில்லை. எனக்கு இரண்டுமே ஊசி. ‘எளைச்சிட்டே’ என்ற பாராட்டில் ஆரம்பித்ததுதானே எல்லாம்? இந்தக் கன்னத்தோடு போய் நின்றால் இரண்டாவது ஊசி நிச்சயம். அதைத் தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மனசின் மூலையில் ஒரு குரல் — ஒரே ஒரு தடவை. கல்யாணத்துக்குள் முகம் கொஞ்சம் வற்றட்டுமே… அந்த ‘ஒரே ஒரு தடவை’ இருக்கிறதே, அது தனியாக வருவதேயில்லை. பின்னாலேயே கூடப்பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

இதற்கு நடுவில் செயின். தினமும் நான் சாப்பிட்டுத் தட்டைக் கழுவும் நேரத்துக்குச் சரசக்கா பின்வாசலில் ஆஜர். “எறங்கிருச்சா?” கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். போவார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். அன்று வயிறு மேளமாகிவிட்டது. தட்டைக் கழுவவில்லை. நேராகப் பின்பக்கம் நடந்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். காலுக்கும் தெரியும். கதவைத் திறந்தால்… சரசக்கா.

எங்கே போகிறாய் என்று கேட்டார். சம்பந்தமில்லாமல் செயினைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, நீங்களும்தான் கல்யாணத்துக்கு வாரீங்க. ஒங்க கழுத்துக்கு வேணும்ல? கழட்டித் தந்துடுறேன்.”

“சும்மா இரு. எறங்காம கழட்டுவாங்களா?”

“இது பொன்னுக்கு வீங்கி இல்லக்கா.”

சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை. அருவருப்பாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். சோறு கிடைக்காமல் கிடந்த காலத்தைச் சொல்லித் திட்டுவார் என்றும் நினைத்தேன். திட்டவில்லை. என் கன்னத்தைப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பதுபோல.

“இப்பக்கூட அதுக்குத்தான் வந்தியா?”

தலையாட்டினேன்.

“அப்ப செயின் போட்டா எறங்காதா?”

“எறங்காதுக்கா. சாப்புட்டது உள்ள இருந்தாத்தான் எறங்கும்.”

“சரி. செயின் அது பாட்டுக்கு இருக்கட்டும். மத்தத நான் பாத்துக்குறேன். உக்காரு.”

உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தார். பேக்டரி சூப்பர்வைசரின் புது விக்கு மெஷின் காற்றில் பறந்த கதை. மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சும் புருஷன் கதை. மாரியம்மன் கோவில் திருவிழாவில் காணாமல் போய், சீனர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அகப்பட்ட கொழுந்தன் கதை. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. வயிறு எப்போது உறுமுவதை நிறுத்தியது என்று கவனிக்கவேயில்லை. அதுவும் கதை கேட்கப் போய்விட்டது போல.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பின் சரசக்கா. காலை ஷிப்ட் நாட்களில் வரமுடியாதபோது, தன் மாமியாரின் பழைய ரேடியோவை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது சரசக்கா அளவுக்குச் சத்தம் போடாது. ஆனால் முயற்சி செய்யும்.

கல்யாணத்துக்கு அவர் வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்தார். நான் அவர் செயினோடு, என் கன்னங்களோடு. பந்தியில் உட்கார்ந்ததும் எதிர் வரிசையிலிருந்து என் அண்ணி ஆரம்பித்தார் — கன்னமெல்லாம் பூரி மாதிரி இருக்கே, நல்லாச் சாப்பிடுறே போல, என்று. ஊசி சரியான இடத்தில் இறங்கிற்று. என் கை இலையில் அப்படியே நின்றது.

பக்கத்து இலையிலிருந்து சரசக்கா நிமிராமலே சொன்னார்: “ஆமா லா, சாப்புடுறா. அதுக்குத்தானே எல போட்டிருக்கு.”

அண்ணி குனிந்து தன் அப்பளத்தை நொறுக்கினார். சாப்பிட்டேன்… பாயசம்வரை.

பிறகு இருவரும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். பேராக் ஆறு பழுப்பாக, அவசரமே இல்லாமல், தனக்குள் விழுந்ததையெல்லாம் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தது. இலை, கிளை, மழை, மலைமண். எதையும் திருப்பித் தரவேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சரசக்கா சாம்பாரில் உப்புக் கம்மி என்று பேசிக்கொண்டே நின்றார்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி இருக்கலாம். டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கூடவே, சாப்பாட்டுக்குப் பின் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆளையும் தேடிக்கொடுங்கள். உடம்பைப் பற்றி மட்டும் பேசாத ஆளாக.

என் கன்னம்? இந்த வாரம் இறங்கிவிட்டது. பயந்துகொண்டேதான் சொன்னேன் — இறங்கிவிட்டால் செயின் போகும், செயினோடு ஆளும் போய்விடுவாரோ என்று. சரசக்கா தொட்டுப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். “எடது பக்கம் எறங்கிருச்சு. வலது பக்கம் இன்னும் இருக்கு. கழட்டாத,” என்று சொல்லிவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால், கண்ணாடியின் பேச்சை நம்பி நான் கெட்டது போதாதா?