கண்ணைத் திறந்தே உட்கார்ந்தேன்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்கு நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஃப்யூஸ் கட்டைகளின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் தட்டில் அடுக்குவது என் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "அம்மா கெழவி ஆயிட்டாங்க" என்று என் மகள் சிரிப்பாள்.

ஒரு நாள் மதியச் சோற்றுக்குப் பிறகு வேலையில் உட்கார்ந்தபோது மூச்சு முட்டியது. எவ்வளவு இழுத்தாலும் காற்று உள்ளே போகாதது போல இருந்தது. விரல்கள் மரத்துப் போயின. நெஞ்சு படபடவென்று அடித்தது. கூட வேலை செய்த பெண்கள் என்னை வெளியே கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதோடு விடவில்லை. அரிசி களையும்போது, மகளுக்குத் தலை வாரும்போது என்று நினைத்த நேரத்தில் வந்தது.

பீங்கான் மாவு நுரையீரலில் இறங்கிவிட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். எங்களோடு வேலை பார்த்த ஒருவர் இருமி இருமியே வேலையை விட்டு நின்றவர். அவர் முகம்தான் எனக்கு எப்போதும் கண்முன் வந்தது. என் வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தால் வேலைக்குப் போகாதே என்பார், போகாவிட்டால் வீடு எப்படி ஓடும் என்று எனக்கு யோசனை.

கடைசியில் ஒரு நாள் அவர் கண்ணெதிரிலேயே வந்துவிட்டது. அப்படியே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், இசிஜி எடுத்தார்கள். பெண் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நொரயீரல் சுத்தமா இருக்குதும்மா. இதயமும் நல்லா இருக்குது. பயத்துல வேகவேகமா மூச்சு விடுறீங்க. அதுல கையி மரத்துப் போவுது. மரத்துப் போனதும் இன்னும் பயம் வருது. அவ்ளோதான்."

"அப்போ ஒண்ணும் இல்லீங்களா டாக்டர்?" என்றார் இவர்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்ல மாட்டேன், அவங்க கஷ்டப்படுறாங்க இல்ல? ஆனா உசுருக்கு ஆபத்து இல்ல."

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று அழுதேன். இவர் எதிர்க் கடையில் டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். பல நாட்களுக்குப் பிறகு அந்த டீயில்தான் இனிப்பு என்று ஒன்று தெரிந்தது.

வேலை செய்யும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்ன டாக்டர், காலையில் யோகாவும் தியானமும் செய்து பழகச் சொல்லியிருந்தார். அப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு யோகா வகுப்பு நடந்தது. ஒரு வாரம் போய்க் கற்றுக்கொண்டேன். மண்டபத்தில் எல்லோரோடும் சேர்ந்து செய்தபோது சுலபமாகத்தான் இருந்தது. வீட்டில் தனியாகச் செய்யப்போனபோதுதான் கஷ்டம் தெரிந்தது.

விடியற்காலையில் மொட்டை மாடியில் பாயை விரிப்பேன். அதே நேரத்துக்குத்தான் தெருக்குழாயில் தண்ணீர் வரும். மூச்சை எண்ணச் சொல்லியிருந்தார்கள். நானோ கீழே எத்தனை குடம் நிரம்புகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பாதியில் எழுந்து ஓடுவேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். சில நாள் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன்.

"ஏன், மாடிக்குப் போவல?" என்று இவர் கேட்டார்.

"நான் அங்க போய் உக்காந்துட்டா தண்ணிய யாருங்க புடிக்கிறது?"

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் விடியும்போது அடுக்களையில் சத்தம் கேட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் மாடிக்குப் போனேன். குழாயடிப் பேச்சு மேலே நன்றாகவே கேட்டது.

"என்னாண்ணே நீங்க வந்திருக்கீங்க? அக்காவுக்கு ஒடம்பு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்குறா. மாடியில உக்காந்து மூச்சு விடுறா."

"ஏன், நாங்கள்லாம் மூச்சு விடாமயா இருக்கோம்?"

குழாயடியே சிரித்தது. எனக்கு உடம்பு கூசியது. கோபித்துக்கொண்டு குடத்தைப் போட்டுவிட்டு வருவார் என்று பார்த்தால், இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, நிதானமாக இரண்டையும் நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து காலைத் தண்ணீர் அவர் பொறுப்பாயிற்று.

அதற்குப் பிறகும் தியானம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் நெஞ்சு அடிப்பதுதான் காதில் கேட்கும். அதைக் கேட்கக் கேட்கப் பயம் ஏறும். ஒரு நாள் அப்படி வேர்த்துப்போய் எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டியிருந்த மாடியில் பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள். பிறந்த ஊர் மங்கலம்பேட்டை, புருஷன் சவுதியில் வேலையாக இருந்தார்.

"என்னாச்சுக்கா? மூஞ்செல்லாம் வேர்த்திருக்குது?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"அப்ப எதுக்குக்கா கண்ண மூடுறீங்க?"

"மூடிக்கிட்டுத்தான் உக்காரணும்னு சொல்லிக்குடுத்தாங்க."

"இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க? அவரு சவுதிக்குப் போன புதுசுல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கண்ண மூடுனா ஏரோப்ளேன் வுழுற மாதிரியே தோணும். தொழுதுட்டு நேரா இங்க வந்து நிப்பேன். வெளிய பாத்துக்கிட்டே இருந்தா, வெளிச்சம் வர வர அது பாட்டுக்கு அடங்கிடும்."

மறுநாள் கண்ணைத் திறந்தே உட்கார்ந்தேன். சூளைப் புகை மெதுவாகக் கலைந்தது. டிவி ஆன்டெனாவில் ஒரு காக்கை உட்கார இடம் தேடி அல்லாடியது. ஜங்ஷனிலிருந்து கிளம்பிய ரயில் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. இழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளியே விட்டேன். பயம் வரவில்லை. பக்கத்து மாடியில் அவள் நின்றிருந்தாள். இடுப்பு வலிக்கிறது என்று பிறகு அவளும் என் யோகாவைப் பார்த்து அதேபோலக் குனிந்து நிமிரத் தொடங்கினாள். மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு நாள், உட்கார்ந்த சற்று நேரத்தில் என் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டதைக் கவனித்தேன். மூடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பாதி வழியில் அது வந்தது. அதே நெஞ்சடிப்பு, அதே விரல் மரப்பு. வந்துவிட்டாயா என்று நினைத்தேனே தவிர, செத்துப்போவேன் என்று நினைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வயலைப் பார்த்தபடி மூச்சை மெல்ல விட்டேன். கூட்டத்துக்கு நடுவிலிருந்து இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எறங்கிடலாமா?"

"வேணாங்க. போயிட்டு இருக்குது."

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அது போய்விட்டிருந்தது. அன்றைக்குப் பந்தியில் நான் பாயசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்ததை இவர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கோடையில் மகளுக்கு அம்மை போட்டது. மாடிப் பக்கமே போக முடியவில்லை. பழகியதெல்லாம் வீணாகிவிடும், அது திரும்ப வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில் மேலே போய்ப் பாயை விரித்தேன். குனிந்தபோது முதுகு கொஞ்சம் மக்கர் பண்ணியது. மற்றபடி எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தது.