பால்சுறா தேடிப் பழவேற்காட்டு ஏரியில்

பிள்ளைகளே, உங்கள் தங்கை பிறந்த ஒன்பதாம் நாள் காலை மீஞ்சூரிலிருந்து மாட்டுவண்டி ஏறினேன். அம்மாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. பால்சுறாப் புட்டு கொடுத்தால் சுரக்கும் என்று மருத்துவச்சி சொன்னாள். பழவேற்காடு ஒன்றரைக் காதம். வண்டிக்கூலி ஒரு பணம்.

பொழுது சாய, ஒல்லாந்தர் கோட்டையைத் தாண்டி மீன் சந்தையில் இறங்கினேன். நண்டு இருந்தது, இறால் இருந்தது, பால்சுறா மட்டும் இல்லை. நான்கு நாளாக யாருக்கும் படவில்லையாம். நான் நின்ற நிலையைப் பார்த்த மாணிக்கம் என்ற தோணிக்காரர், காலையில் தாம் ஏரிக்குப் போவதாகவும், கூட வந்தால் தேடிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் வீட்டிலேயே சோறும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டுத் தங்கினேன்.

மறுநாள் சூரியன் எழும்பத் தோணியில் ஏறினோம். நான் சாயக்காரன், துணி அலசும் ஆழத்துக்கு மேல் தண்ணீரில் போனதில்லை. இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பறவை விழும் இடத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே வரச் சொன்னார் மாணிக்கம். சற்று நேரத்தில் கருத்த திட்டு ஒன்றைக் கண்டு கை நீட்டினேன்.

"அது மேகத்து நெழலு, சாயக்காரரே. அத்தப் புடிச்சாந்தா வூட்ல கொழம்பு வெக்க மாட்டாங்க."

அப்புறம் ஒரு மடவை மீன் துள்ளியதும் எழுந்து நின்றுவிட்டேன். தோணி ஆடிய ஆட்டத்தில் தானாகவே உட்கார்ந்தேன்.

ஏழெட்டு நாழிகை கழிந்திருக்கும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும், சாயத்தில் ஒரு முக்கு முக்கிய துணிபோல மங்கலாகச் சிவந்து தெரிந்தது. அண்ணாந்து பார்த்தேன், மேகம் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மாணிக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கீழே மீன் கூட்டம் சேற்றைக் கிளப்புகிறது, பொடிமீனுக்குப் பின்னால் சுறா இருக்கும் என்றார்.

வலையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இன்னிக்கு இது பசியாவரத்துக்காரங்க பாடு. எங்க பாடு நாளான்னிக்குத்தான்."

எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டெடுத்து முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. எனக்கு அது காதில் ஏறவில்லை. குழந்தையின் அழுகைதான் கேட்டது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு தோணி இல்லை.

"யாரும் பாக்கலியே" என்றேன்.

"நாம ரெண்டு பேரு பாக்கறோமே."

கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவி, தோணி தள்ளும் கழியின் நுனியில் கட்டித் தூக்கி ஆட்டினார். மீன் கண்டவர்கள் பாடு உள்ளவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பசியாவரம் தீவுப் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. நாங்கள் விலகி நின்றோம். முதல் வலையில் மடவைதான் ஏறியது. இரண்டாவதில் முழ நீளத்தில் மூன்று பால்சுறா.

மாணிக்கம் என் சங்கதியைச் சொன்னார். அந்தத் தோணிக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா கொயந்த?" என்று கேட்டார். பெண் என்றேன். மூன்றையும் என் கூடையில் போட்டார். பணத்தை நீட்டினேன்.

"கண்டு சொன்னது நீங்க. பெத்தவளுக்குப் போறதுக்குக் காசு இன்னாத்துக்கு?"

கரை திரும்பும்போது, அவர்கள் வராமலிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மாணிக்கத்தைக் கேட்டேன். நாளை மறுநாள் வரை என்னை வீட்டில் வைத்துச் சோறு போட்டிருப்பேன் என்றார்.

உப்பில் புதைத்துக் கொண்டுவந்தேன். வீடு சேர்ந்ததுமே புட்டு ஆயிற்று. மூன்றாம் நாள் உங்கள் தங்கை வயிறு நிறையக் குடித்துத் தூங்கினாள்.

துணி அலசும் நம் சாயத்துறை உங்களுக்குத் தெரியும். முந்திப் போனவனுக்குத்தான் தெளிந்த தண்ணீர், தினமும் சண்டை. மறுநாள் விடிகாலையில் நான்தான் முதலில் போனேன். பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "இன்னிக்கு நீங்க முதல்ல அலசுங்க, நாளைக்கு நான்" என்றேன்.

அவர் துணியைக் கீழே வைக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தண்ணீரில் இறங்கினார்.