பிள்ளைமடுவத்து முன்னூறு படங்கள்

வேலாமணியக்கா எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைமடுவத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தார். கீழ் கோத்தகிரிச் சரிவில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை அவரிடம்தான் விட்டுப்போவார்கள். பால் காய்ச்சுவதும் துணி அலசுவதும் என் வேலை. நான் சேர்ந்தபோது முப்பது குழந்தைகள். இலை விலை விழுந்து, ஆட்கள் திருப்பூருக்கு இறங்கிப் போனபின் மூன்றுதான் மிஞ்சின.

மாசக் கடைசியில் மடுவத்தை மூடப்போவதாகக் கிளார்க் கீர்த்திவாசன் வந்து சொன்னார். அக்கா தன் மடியில் இருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

குன்னூரில் ஒரு பொம்மைப் படப் போட்டி நடப்பதைச் சொன்னதும் அந்தக் கிளார்க்தான். பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே நடப்பதுபோல் தெரியும். இதுவரை செய்து பழகாதவர்கள் மட்டும் சேரலாம். வயது எதுவானாலும் சரி. ஜெயித்தால் பேப்பரில் பெயர் வரும். மடுவத்தில் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன கட்டைப் பெட்டி ஒன்று, சில குட்டிப் பொம்மைகளோடு, கிடந்தது.

"பேப்பர்ல மடுவத்துப் பேரு வந்துட்டா, மேனேஜரு மூடுவாருங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இலையவே வாங்க ஆளைக் காணோம், ஆயாவுக்கு சினிமா கேக்குது" என்று கிளார்க் சிரித்தார். ஆனாலும் தன் பழைய போனைக் கொடுத்தார்.

மேசைமேல் பச்சைக் கட்டைகளை அடுக்கித் தேயிலைக் காடு செய்தோம். விளிம்போரமாக மடுவம். தாய் பொம்மை குழந்தை பொம்மையை அங்கே விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான் கதை. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் மட்டும் எடுத்தோம். மலையில் மஞ்சுமூட்டம் இறங்கி ஜன்னல் வெளிச்சம் மங்கினால், அது விலகும்வரை உட்கார்ந்திருப்போம். அக்கா நகர்த்துவார், நான் போனை அழுத்துவேன். முன்னூறு படம் சேர ஒன்பது நாள் ஆயிற்று. கிளார்க் அவற்றைக் கோத்து, தானும் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை லீவு போட்டுக் குன்னூர் போனோம். எங்கள் படம் பெரிய திரையில் ஓடியது. தாய் பொம்மை நடந்தது, பறித்தது. ஆனால் மேசை விளிம்பில் நின்ற குழந்தை பொம்மையைச் சுற்றி, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை, அக்காவின் இடது கை இருந்தது.

"அதென்னப்பா, மலைப்பாம்பா?" என்று பின்னால் ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

போட்டி நடத்திய சுவாதி டீச்சர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "கை தெரிஞ்சா போட்டியில சேக்க முடியாதுங்கம்மா. பொம்மைய வச்சுட்டுக் கைய எடுத்துறோணும்."

"எடுத்தா உழுந்துருமுங்க. ஓரத்துல நிக்குதில்லைங்க."

"அது பொம்மைதானுங்கம்மா."

"ஆமாங்க" என்றார் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் கட்டபெட்டு ஊரைத் தாண்டும்போது அக்கா என் பக்கம் திரும்பினார். "நீதான புள்ள பாத்துப் பாத்து அமுக்குன?" என்றார்.

"பாத்தனுங்கக்கா. தப்பாத் தெரியலைங்க."

"எனக்குந்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பேப்பரில் வேறு பெயர்கள் வந்தன. மாசக் கடைசியில் கிளார்க் சாவியை வாங்கிக்கொண்டார். எங்கள் இருவரையும் களை எடுக்கப் போட்டார்கள். மூன்று தாய்மாரில் இரண்டு பேர் குழந்தைகளோடு திருப்பூர் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஒன்றாம் தேதி காலை மேஸ்திரி பெயர் வாசித்தார். மிச்சமிருந்த தாய் புஷ்பவல்லியின் பெயருக்குப் பதில் வரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். மேஸ்திரி அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்ததை வாசித்தார்.

"வேலாமணி."

"இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா களைக்காரர் வரிசையில் போய் நின்றார்.